கத்திப் பிடியில் பூ ஆணி: வாசகர் கேள்வி – பதில்

மெல்லிய குழாய்க்குள் கம்பிகளை அடுக்கி, இடைவெளியில் கறுப்புப் பசை நிரப்பி, இறுகியபின் குறுக்கே அறுத்தால் வெட்டு முகத்தில் ஒரு பூ தெரியும். கைவேலைக் கத்திகளின் பிடியில் பதிக்கும் மொசைக் பின் அதுதான். பூ ஆணி என்று இங்கே எழுதுகிறோம்.

ஏசி செம்புக் குழாய்க்குள் 1.5 வயரிங் கம்பி ஏழு துண்டு செருகினேன். எல்லாம் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. பூ அமைய என்ன வழி?
– வாசகர், கல்லாறு

முதலில் வயரின் இலக்கத்தைப் பார்ப்போம். 1.5, 2.5 என்பவை கம்பியின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீற்றரில். தடிப்பு அல்ல. 1.5 ஒற்றைக் கம்பியின் விட்டம் 1.38 மி.மீ., 2.5 என்றால் 1.78 மி.மீ.

ஒரே தடிப்பான ஏழு கம்பி, நடுவில் ஒன்றும் சுற்றி ஆறுமாக ஆடாமல் நிற்க, குழாயின் உள்விட்டம் கம்பி விட்டத்தின் சரியாக 3 மடங்கு இருக்கவேண்டும். ஐந்து கம்பிக்கு 2.70 மடங்கு, நாலுக்கு 2.41, மூன்றுக்கு 2.15. கால் அங்குல ஏசி குழாயின் வெளிவிட்டம் 6.35 மி.மீ.; சுவர் 0.76 மி.மீ. என்றால் உள்விட்டம் 4.83. உங்கள் ஏழு கம்பிக்கு 4.14 போதும். மிச்சம் 0.7 மி.மீ. சும்மா கிடப்பதால்தான் சரிகிறது. 0.1 மி.மீ.க்கு மேல் இடம் விட்டாலே பூ கோணலாகும்.

அதே குழாய்க்கு ஆர்கன் வெல்டிங் பட்டறையில் கிடைக்கும் 1.6 மி.மீ. கம்பி ஏழு அளவெடுத்ததுபோல் பொருந்தும். நடுக்கம்பி எவர்சில்வர், சுற்றி ஆறும் பித்தளை என்று வைத்தால் பூ தெளிவாகத் தெரியும். இன்னொரு அழகான கணக்கும் உண்டு: 2.5 வயரின் 1.78 மி.மீ. கம்பி ஐந்துக்கு 4.81 வேண்டும், அப்படியே உட்காரும். ஐந்துக்கும் நடுவே 1.25 மி.மீ. பொந்து விழும். அதற்குள் 1.2 மி.மீ. எவர்சில்வர் கம்பி போகும். ஐந்து இதழும் ஒரு வெள்ளிப் பொட்டும்!

குழாயின் சுவர்த் தடிப்பு கடைக்குக் கடை மாறும், வேர்னியரால் அளக்காமல் கம்பி வாங்கவேண்டாம். சுருளாக வரும் செம்புக் குழாயை இரண்டு பலகைக்கு இடையில் வைத்து உருட்டி நிமிர்த்துங்கள். கையால் வளைத்தால் முட்டை வடிவாகிக் கம்பி இறுகும். குழாய் வெட்டும் சில்லு வாயை உள்ளே மடக்கிவிடும், ஆகவே நுண்பல் வாளால் அறுங்கள்.

அறுத்துப் பார்த்தால் பசைக்குள் ஊசி முனை அளவு ஓட்டைகள். ஏன்?
– வாசகர், வாழைச்சேனை

காற்றுக் குமிழிதான். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை அதற்குப் பெரிய காரணம்: குமிழி மேலே வருமுன் கட்டியாகிவிடும். 24 மணி நேரத்தில் இறுகும் எபொக்ஸியை (இரண்டு பாகம் கலந்து பூசும் பசை) எடுங்கள். குழாயை 10 செ.மீ.க்கு மேல் நீளமாக வைக்கவேண்டாம். அதிலேயே 23 மி.மீ. ஆணி நாலு கிடைக்கும்.

கம்பிகளை 220 இலக்க சாண்ட் பேப்பரால் உரசி, குழாயின் உட்புறத்தையும் அசிற்றோன் தோய்த்த சீலைத் திரியால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அறுக்கும்போதே கம்பி கழன்று விழும். கம்பிகளைச் செருகியபின், குழாயின் மேல்வாயில் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயால் சிரிஞ்சை இணைத்து, கீழ்வாயைப் பசைக் கிண்ணத்தில் முக்கி மெதுவாக உறிஞ்சுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று வெளியேற வழியில்லை. குமிழி இல்லாத பசை மேலே வரும்வரை இழுத்து, கீழ்வாயைக் களிமண்ணால் அடைத்து நிமிர்த்தி வையுங்கள்.

ஏழு கம்பி போட்ட 10 செ.மீ. குழாய்க்குள் போகும் பசை 0.4 மில்லிலீற்றர்தான். ஆனாலும் 4 மில்லிலீற்றராவது கலக்குங்கள். துளிக்கணக்கில் கலந்தால் இரண்டு பாகமும் சமமாக வராது, இறுகவும் இறுகாது. கறுப்புக்குப் போட்டோகொப்பித் தூள் ஒரு சிட்டிகை போதும். தண்ணீரில் கரையும் பெயின்ற் கலந்தால் பசை பிசுபிசுத்தே கிடக்கும்.

பூ ஆணியைச் சுத்தியலால் தட்டித் தலை விரிக்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

கூடாது. உள்ளே இருப்பது பசையும் தனித்தனிக் கம்பியும்; ஒரே அடியில் பூ நொறுங்கிக் குழாய் பிளக்கும். பிடியைத் தாங்கும் வேலையை இரண்டு அந்தத்திலும் 5 மி.மீ. முழுப் பித்தளை ஆணிக்குக் கொடுத்து, பூ ஆணியை நடுவில் பசையால் மட்டும் ஒட்டுங்கள். 6.35 ஆணிக்கு 6.5 துளை சரி, இறுக்கி அடித்தால் பசை முழுவதும் வழிந்துவிடும். ஆணியின் வெளிப்புறத்தையும் 120 பேப்பரால் உரசிவிடுங்கள். துளையின் அடியில் வேறொரு பலகையை இறுக்கி வைத்துத் துளைத்தால் மறுபக்கம் சிம்பு பெயராது. கத்தியின் வாலை (பிடிக்குள் போகும் பகுதி), கொல்லர் தீயில் வைத்துத் தோய்க்குமுன்பே துளைத்துவிடவேண்டும்.

மார்கழியில் செய்த கத்தி. ஆனியில் ஆணி மேலே எழும்பிக் கையில் உறுத்துகிறது. முதிரைப் பிடியும் ஆணியைச் சுற்றிக் கறுத்துப்போயிற்று.
– வாசகர், காத்தான்குடி

ஆணி எழும்பவில்லை, மரம் சுருங்கியிருக்கிறது. மாரியில் ஈரம் குடித்து ஊதிய பலகை கச்சான் காற்றில் வற்றும், உலோகம் வற்றாது. பலகையை 12 மி.மீ. தடிப்புக்கு அறுத்து வீட்டுக்குள் வைத்து, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுங்கள். நிறை குறைவது நின்றபின் பிடி போடுங்கள். இப்போது எழும்பியதை, சுற்றிவர ரேப் ஒட்டி, நுண் அரத்தால் மெல்லச் சமப்படுத்தலாம். மெசினில் அழுத்திப் பிடிக்கவேண்டாம். 60 பாகை வெப்பத்தை அண்டும்போதே பல எபொக்ஸிகள் இளகத் தொடங்கும். ஆணியில் விரல் வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

பிடி கறுத்தது, செம்புத் தூளும் பசைத் தூளும் மரத்தின் கண்களுக்குள் இறங்கியதால் வந்தது. முதிரை போன்ற வெளிர் மரத்தில் இது உடனே காட்டிக்கொடுக்கும். தேய்க்குமுன் ஆணியைச் சுற்றி மெல்லிய சுப்பர் குளூ ஒரு பூச்சு கொடுத்து, புதுப் பேப்பரால் மர நரம்பின் போக்கில் தேயுங்கள். தூளை ஊதித் தள்ளுங்கள். ஸ்பிரிட் சீலையால் துடைத்தால் இன்னும் உள்ளே இறங்கும்.

பிடிக்கு மான் கொம்பு போடலாமா?
– வாசகர், பொத்துவில்

வேண்டாம். மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. கொம்பு வைத்திருந்தாலே சட்டச் சிக்கல் வரும். எருமைக் கொம்பும், பழைய கதிரைக் கால் கருங்காலியும் பூ ஆணியை இன்னும் நன்றாக எடுத்துக்காட்டும்.

மீன் வெட்டும் கத்தியில் ஆணி பச்சை பிடிக்கிறது.
– வாசகர், திருக்கோவில்

செம்பிலும் பித்தளையிலும் உப்பு ஈரம் தங்கினால் களிம்பு வரும். புளியைத் துணியில் தொட்டு ஆணியை மட்டும் தேய்த்து, உடனே நல்ல தண்ணீரால் துடைத்து உலர்த்துங்கள். புளி மரத்தில் ஊறினால் கறை விழும், கத்தியின் இரும்பையும் அரிக்கும். மீனுக்கென்றே செய்யும் கத்திக்கு வெளிக்குழாயும் கம்பிகளும் எவர்சில்வராகவே இருக்கட்டும். பூவின் நிறம் குறையும், கறுப்புப் பசையின்மேல் கோடு மட்டும் கூர்மையாகத் தெரியும்.