ஸ்டேஷனில் இருக்கும் உங்கள் பொருள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கரையோரத்திலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: போலீஸ் எடுத்துப்போன பொருள் திரும்பக் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

என் பைபர் படகை மச்சினன் எடுத்துப் போனான். பீடி இலை இருந்ததாகப் பிடித்துவிட்டார்கள். எனக்கு எதுவும் தெரியாது. படகு வெயிலில் கிடக்கிறது. என்ன செய்வது? (பாம்பன்)

படகு இப்போது யார் கையில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். பீடி இலை, மஞ்சள் போன்று இலங்கைக்குக் கடத்தும் சரக்கைப் போலீஸே பிடித்தாலும் பெரும்பாலும் சுங்கத்துறையிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அப்படியானால் மனு போகவேண்டிய இடம் சுங்க அதிகாரி. சுங்கச் சட்டம் பிரிவு 110ஏ-இன்படி பாண்டும் (எழுத்துமூல உறுதி) பிணையும் கொடுத்து இடைக்காலமாகப் படகைக் கேட்கலாம். உங்களுக்கு நோட்டீஸ் வரும். தட்டிக்கழிக்காமல் பதில் எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாமல் படகு பயன்பட்டது என்பதை நீங்கள்தான் காட்டவேண்டும், வாய்வார்த்தை போதாது.

போலீஸ் வழக்காகவே இருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகளில் மனுப் போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451, 457தான் இவை. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள்: வாகனங்களை ஸ்டேஷனில் நெடுநாள் போட்டுவைப்பதால் யாருக்கும் பயனில்லை, தகுந்த பாண்டும் பிணையும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம். மீன்வளத்துறைப் பதிவுச் சான்று, எஞ்சின் வாங்கிய பில் இரண்டும் கையில் இருக்கட்டும்.

எஞ்சின் விஷயத்தில் ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள். அவுட்போர்டு எஞ்சினைப் படகின் பின்பலகையோடு இறுக்கும் கவ்வுப் பகுதியில் ஒரு சின்னத் தகடு இருக்கும். வரிசை எண் அதில்தான். அந்த எண் மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் பட்டியலில், ஏறியிருக்கிறதா பாருங்கள். வெறுமனே 'எஞ்சின் ஒன்று' என்று எழுதியிருந்தால், நாளை வேறு எஞ்சின் மாட்டியிருந்தாலும் உங்களால் நிரூபிக்க முடியாது. உப்புக்காற்றில் கழுவாமல் கிடக்கும் எஞ்சின் சீக்கிரம் இறுகிவிடும். அதனால் படகு கிடைக்கும்வரை எஞ்சினைக் கழற்றி நிழலில் வைக்க உத்தரவிடும்படி மனுவிலேயே ஒரு வரி சேருங்கள்.

திருடுபோன சங்கிலியை அடகுக்கடையிலிருந்து மீட்டுவிட்டார்கள். ஆனால் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். மகள் கல்யாணம் வருகிறது. (கீழக்கரை)

அனுப்பியது நல்லதுதான் அம்மா. கைப்பற்றிய நகையைப் படிவம் 95 எழுதி கோர்ட்டில் ஒப்படைப்பார்கள். அங்கே அதற்கு ஒரு எண் விழும். ஸ்டேஷன் ரைட்டரிடம் குற்ற எண்ணோடு அந்த எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பொருள் வந்த 14 நாளில் கோர்ட் அதன் விவரப் பட்டியலைத் தயாரித்து, போட்டோவோ வீடியோவோ எடுக்கவேண்டும். அதிலிருந்து 30 நாளில் அதை என்ன செய்வதென்று உத்தரவிடவேண்டும். புதுச் சட்டம் இப்படிக் கெடு வைத்திருக்கிறது. ஆனாலும் உங்கள் மனு இல்லாமல் நகை நகராது.

பில் இல்லையா? பரவாயில்லை. சங்கிலி போட்டிருக்கும் பழைய கல்யாணப் போட்டோ, செய்த ஆசாரியின் சாட்சி எல்லாம் உதவும். அடகுக்கடைக்காரர் எதிர்த்தால் பயப்படாதீர்கள். திருடன் அடகு வைத்ததால் நகை அவருடையதாகிவிடாது. ஆனால் ஒன்று: இடைக்காலமாகத் தரும்போது, 'கோர்ட் கேட்டால் கொண்டுவருவேன்' என்று பாண்டு எழுதிக்கொடுப்பீர்கள். அதனால் மகளுக்காக அழித்துப் புதிதாகச் செய்துவிடாதீர்கள். அப்படியே அணியட்டும்.

விசாரணை என்று செல்போனை வாங்கிக்கொண்டார்கள். துண்டுச்சீட்டுகூடத் தரவில்லை. (தேவிபட்டினம்)

இது சரியில்லை. சோதனை, கைப்பற்றுதல் இரண்டையும் வீடியோ எடுக்கவேண்டும் என்பது அதே புதுச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு. போனின் ஐஎம்இஐ எண், போலீஸ் அதை எடுத்துக்கொண்ட தேதி, எடுத்தவரின் பதவி ஆகியவற்றை எழுதிப் பதிவுத் தபாலில் இன்ஸ்பெக்டருக்கு அனுப்புங்கள், நகல் எஸ்.பி. அலுவலகத்துக்கு. பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட். போனில் இருப்பது சாட்சியமாகப் போகிறதென்றால் ஹாஷ் மதிப்பு, அதாவது உள்ளே இருக்கும் தகவலிலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீடு, குறித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உள்ளே இருப்பது பிறகு மாறவில்லை என்பதற்கு அதுதான் ஆதாரம். உங்களுக்கும் அதுவே பாதுகாப்பு.

கரையில் மூட்டை ஒதுங்கினால் ஸ்டேஷனுக்குத் தூக்கிவரலாமா? (தனுஷ்கோடி)

வேண்டாம். தொடாதீர்கள், பிரிக்காதீர்கள். 1093-க்கு, அதாவது கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு, போன் செய்யுங்கள். கஞ்சாவாக இருந்தால், கிடந்த இடத்திலேயே எடை போட்டு முத்திரை வைத்தால்தான் வழக்கு நிற்கும். நீங்கள் தூக்கிவந்தால் முதல் சந்தேகம் உங்கள் மேல். வெடிபொருளாகவும் இருக்கலாம். தங்கச்சிமடத்தில் 2018 ஜூனில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வந்தது இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது.

பிடிபட்ட கடல் அட்டை திரும்பக் கிடைக்குமா? (வேதாளை)

கிடைக்காது. 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உயிரோடு இருந்தால் கடலில் விடுவார்கள்.

அக்னி தீர்த்தத்தில் கண்டெடுத்த பையை ஸ்டேஷனில் கொடுத்தேன். யாரும் வராவிட்டால்? (ராமேஸ்வரம்)

உரியவர் தெரியாவிட்டால் மாஜிஸ்திரேட் அறிவிப்பு வெளியிடுவார். ஆறு மாதத்துக்குள் உரிமை கோரலாம். யாரும் வராவிட்டால் அரசு வசம் போய்விடும், கண்டெடுத்தவருக்கு வராது. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிவிட்டீர்கள் அல்லவா? இல்லையென்றால் இன்றே போய், உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எழுதி, முத்திரையோடு வாங்குங்கள்.