பின்னலை வெட்டலாம், முதலில் அந்த எரிச்சலைக் காட்டுங்கள்

கேள்வி: வயது 29. இடுப்பைத் தாண்டிய என் முடியைப் புற்றுநோயாளிகளின் விக்குக்குக் கொடுக்க ஆசை. டெங்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. வெட்டினால் பழையபடி வளராது என்கிறார் அம்மா. உச்சியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வழுக்கை, வெயிலில் எரிகிறது. இணையத்தில் பார்த்தேன், புழுவெட்டாம். மருந்துக்கடையில் கொடுத்த களிம்பு தடவுகிறேன். பயோட்டின் 10 மில்லிகிராம் மாத்திரையும் போடுகிறேன். என் முடியால் நோயாளிக்கு ஏதாவது வருமா?

பதில்: ஒன்றும் வராது. வெட்டிய முடி நகம் மாதிரி, உயிரில்லாத கெரட்டின் என்ற புரதம். அம்மாவின் பயத்துக்கும் இடமில்லை. முடி வளர்வது தோலுக்கு அடியில் உள்ள வேரில். கத்தரி அங்கே போவதில்லை. மாதம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

கொட்டுவது டெங்குவின் மிச்சம். கடும் காய்ச்சலில் ஏராளமான வேர்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து, அடியில் முளைக்கும் புது முடி பழையதை வெளியே தள்ளும். நெற்றியோரத்தைக் கண்ணாடியில் பாருங்கள். நுனி ஊசியாகக் கூர்ந்து, விறைத்து நிற்கும் குட்டி முடிகள் இருந்தால் அவை புதிதாக முளைத்தவை. உடைந்த முடிக்கு நுனி மொட்டையாக இருக்கும். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானே அடங்கும்.

எனக்கு உறுத்துவது, போகிற போக்கில் சொன்னீர்களே, அந்த நாணயம்தான். டெங்கு தலை முழுக்கக் கொட்டவைக்குமே தவிர, ஓரிடத்தில் வட்டம் போடாது. புழுவெட்டு என்றால் (புழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உடலின் எதிர்ப்புச் சக்தி வேரைத் தாக்குவது) தோல் மழமழவென்றிருக்கும், முடித்துளைகள் தெரியும், எரிச்சல் பொதுவாக இருக்காது. உங்களுக்கு வெயிலில் எரிகிறது. வீட்டில் யாரையாவது பகல் வெளிச்சத்தில் கைபேசியில் நெருக்கமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். துளைகள் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றனவா? அவை மறைந்து தழும்பு போலப் பளபளத்தால், நடுவில் வெளுத்து ஓரம் கறுத்திருந்தால், செதில் ஒட்டிக்கொண்டிருந்தால், வேர் அழிந்துகொண்டிருக்கலாம். டிஸ்காய்டு லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கித் தழும்பாக்கும் நோய்) இப்படித்தான் வரும். காது மடலின் குழிவிலும் அதே மாதிரித் திட்டு இருக்கிறதா பாருங்கள். அழிந்த வேர் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். படத்தில் என்ன தெரிந்தாலும் இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள். மரத்துப்போக ஊசி போட்டு நான்கு மில்லிமீட்டர் தோல் எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம். ஓரிரு தையல், அவ்வளவுதான்.

அந்தக் களிம்பை இன்றே நிறுத்துங்கள். கடையில் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த ஒன்றைத்தான் நீட்டுவார்கள். படையாக இருந்தால் ஸ்டீராய்டு அதைப் பரப்பும். லூபஸாக இருந்தால் சிவப்பை அமுக்கி, பரிசோதனையைக் குழப்பலாம். ட்யூபைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பயோட்டின் என்ற வைட்டமின் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். நீங்கள் விழுங்குவது அதைப் போல் முந்நூறு மடங்குக்கும் மேல். முடிக்கு அதனால் லாபமில்லை. ஆனால் சில ஆய்வகக் கருவிகளில் தைராய்டு அளவு தப்பாக வரும். நல்ல தைராய்டும் அதிகமாகச் சுரப்பது போல ரிப்போர்ட்டில் தெரியும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டதையும் சொல்லிவிடுங்கள்.

இனி தானம். தையல் பிரித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பல அமைப்புகள் 12 அங்குலம் கேட்கின்றன. விக்கின் வலையில் முடிச்சுப் போடும்போது முடி மடிவதால் நீளம் குறையும். ப்ளீச் செய்த முடி வேண்டாம். சாயம் பூசியிருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். எண்ணெய் போக அலசி, நன்றாகக் காயவைத்து, நாலைந்து கொத்தாகப் பிரித்து, மேலேயும் நடுவிலும் கீழேயும் ரப்பர் பேண்ட் போடுங்கள். மேல் பேண்டுக்கு அரை அங்குலம் மேலே வெட்ட வேண்டும். வெட்டிய கொத்தைத் தரையில் விடாதீர்கள். முடியின் மேல்தோல், கூரை ஓடு போல வேரிலிருந்து நுனி நோக்கி அடுக்கியிருக்கும். தலைகீழாகக் கலந்தால் ஓடுகள் ஒன்றையொன்று மாட்டிக்கொண்டு விக் சிக்காகிவிடும். சீப்பில் வரும் முடியைச் சேர்த்துவைத்துக் கொடுப்பதும் இதனால்தான் பயன்படாது. ஒரு விக்குக்குப் பலர் முடி தேவை. உங்களுடையது மெலிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். உள்பக்கம் துளி ஈரம் இருந்தாலும் கவரில் மூடியதும் பூஞ்சை பிடித்துவிடும். பின்னலை அவிழ்த்து மின்விசிறிக்கு அடியில் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.