சிவப்பு லைட் எரிந்துகொண்டே இருந்தால் கரண்ட் பில் ஏறுமா?

கேள்வி (திருநெல்வேலி வாசகி): போன தடவை இரண்டு மாத ரீடிங் 512 யூனிட் வந்தது. ஏசி ஒன்று, டிவி, வைஃபை, இன்வர்ட்டர், அவ்வளவுதான் வீட்டில். என் மகன் ஃபோன் சார்ஜரை எப்போதும் ப்ளக்கிலேயே விட்டுவிடுகிறான், அதனால்தான் பில் ஏறுகிறது என்று வீட்டில் தினமும் சண்டை. சார்ஜர் சும்மா இருந்தாலும் கரண்ட் இழுக்குமா?

பதில்: இழுக்கும், ஆனால் உங்கள் பில்லை ஏற்றியது அது இல்லை அம்மா, பையனை விட்டுவிடுங்கள். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், இதை மனதில் வைத்துக்கொண்டால் வீட்டில் எதைப் பார்த்தாலும் நீங்களே பில் போட்டுவிடலாம். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அப்படியானால் ஒரு வாட் இழுக்கும் பொருள் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் ஒன்றரை யூனிட். இப்போது வரும் நல்ல சார்ஜர், ஃபோன் மாட்டாமல் சும்மா இருக்கும்போது, வாட்டில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான் எடுக்கும். இரண்டு மாதம் முழுக்க மாட்டியே வைத்தாலும் அரை யூனிட்கூட வராது.

நீங்கள் பார்க்க வேண்டியது டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்ததும் பச்சை லைட் சிவப்பாகிறது, நாம் அணைந்துவிட்டது என்று நினைக்கிறோம். உள்ளே பெரும்பாலும் எதுவும் அணைவதில்லை, திரைக்குப் படம் அனுப்புவதை மட்டும் நிறுத்திவிட்டு டிஷ்ஷோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெட்டியை வாட் மீட்டரில் மாட்டிப் பார்த்தேன். படம் ஓடும்போது 11 வாட், சிவப்பு லைட்டில் 10 வாட். நம்ப முடியாமல் மேலே கை வைத்துப் பார்த்தேன், விடியற்காலை ஐந்து மணிக்கு, யாரும் டிவியே போடாத நேரத்தில், இட்லிப் பானை மூடி ஆறிவரும்போது இருக்குமே அந்த அளவுக்குச் சூடு. நாளைக்கு ஐந்து மணி நேரம் டிவி பார்க்கிற வீட்டில் மீதி 19 மணி நேரம் இப்படி வீணாகிறது. இரண்டு மாதத்துக்கு 11 யூனிட்டுக்கு மேல்!

அடுத்தது ஏசி ஸ்டெபிலைசர். ஏசியை ரிமோட்டில் நிறுத்திவிட்டாலும் ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். எங்களுடையது 7 வாட். ராத்திரி எட்டு மணி நேரம் மட்டும் ஏசி போட்டால் மீதி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் ஆறேழு யூனிட் வருகிறது. மார்கழி, தை மாதங்களில் ஏசியே போடாமல் ஸ்டெபிலைசரை மட்டும் ஓடவிட்டிருக்கும் வீடுகள் எத்தனை! சுவரில் இருக்கும் ஏசி ஸ்விட்சை, அதாவது ட்ரிப்பரை, இறக்கிவிட்டால் போதும்.

உங்கள் 512-க்கு வருகிறேன். நம் கட்டணத்தில் 500 யூனிட்தான் முக்கியமான கோடு. 2022 செப்டம்பர் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (பிறகு விலை கொஞ்சம் ஏறியது). 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அதே நூறு யூனிட்டுக்கு 4.50. அதில் மட்டும் 225 ரூபாய் கூடுதல், அதற்கு மேல் தாண்டிய 12 யூனிட்டுக்கு எட்டு எட்டு ரூபாய் வேறு. செட்டாப் பாக்ஸ் 11, ஸ்டெபிலைசர் ஆறேழு என்று கழித்துப் பாருங்கள், 495-க்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். முந்நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம், அதுவும் ஏசியை ஒரு மணி நேரம்கூடக் குறைக்காமல்.

கேள்வி (சேலம் வாசகர்): எலக்ட்ரீஷியன் டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கருவி) வைத்துப் பார்த்து, அணைத்து வைத்திருக்கும் டிவியும் பாக்ஸும் சேர்ந்து 0.2 ஆம்பியர் எடுக்கிறது, 230-ஆல் பெருக்கினால் 46 வாட் என்கிறார். உண்மையா?

பதில்: அவர் பார்த்த 0.2 ஆம்பியர் உண்மையாகவே இருக்கலாம், பெருக்கல்தான் இங்கே செல்லாது. இந்த மாதிரி அடாப்டர்களில் மின் இரைச்சலை வடிகட்ட ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அது கரண்டை வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், டாங் டெஸ்டருக்கு அந்தப் போக்குவரத்தும் கணக்கில் தெரியும். வீட்டு ஈபி மீட்டர் யூனிட்டை எண்ணும்போது உண்மையில் செலவான சக்தியை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் நீங்கள் 46 வாட்டுக்குப் பணம் கட்டவில்லை, அதில் பத்தோ பன்னிரண்டோதான் இருக்கும்.

சரி, கடையில் எதுவும் வாங்காமல் சரியான கணக்கு பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஈபி மீட்டரில் ஒரு குட்டி சிவப்பு லைட் விட்டு விட்டு மின்னும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சடித்திருக்கும், 3200 என்று வைத்துக்கொள்வோம். விளக்கு, ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜையும் ஒரு கால் மணி நேரம் நிறுத்துங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. வழக்கமாகச் சிவப்பு லைட்டோடு விட்டுவைக்கும் பொருட்கள் மட்டும் இருக்கட்டும். இப்போது மீட்டர் முன்னால் நின்று 15 நிமிடம் எண்ணுங்கள். 24 தடவை மின்னினால் ஒரு மணிக்கு 96, அதை 3200-ஆல் வகுத்தால் 0.03 யூனிட், அதாவது 30 வாட். யாரும் எதையும் பயன்படுத்தாத வீட்டில் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், ஆசையாகச் செய்வார்கள், ஒவ்வொரு ப்ளக்காகப் பிடுங்கி மறுபடி எண்ணினால் ஆள் யார் என்று பிடித்துவிடலாம்.

கேள்வி (விழுப்புரம் வாசகர்): இன்வர்ட்டர் பேட்டரி ஃபுல் ஆன பிறகும் அதை ஆனிலேயே வைக்க வேண்டுமா?

பதில்: வையுங்கள். கரண்ட் போகும் ஊரில் அதை அணைத்துவைத்து மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. ஆனால் ஒன்று, பேட்டரிக்கு வயதாகிவிட்டால் ஃபுல் ஆனதே அதற்குத் தெரியாது, ஏற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் சீக்கிரம் வற்றும், தொட்டால் சுடும். மாதம் ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டிவந்தால் அந்த பேட்டரி உங்கள் மீட்டரையும் சேர்த்து ஓட்டுகிறது என்று அர்த்தம். வெளியூருக்குப் பதினைந்து நாள் போகிறீர்கள் என்றால் மட்டும், முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு, இன்வர்ட்டரின் முன் ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கையும் அணைத்துவிட்டுப் போகலாம்.

கேள்வி (சென்னை வாசகி): மைக்ரோவேவில் மணி காட்டிக்கொண்டே இருக்கிறதே, அதற்கு எவ்வளவு ஆகும்?

பதில்: நீங்கள் அதில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இருக்கிறது! பால் சுட வைப்பது, ஆறிய குழம்பைச் சூடாக்குவது என்று நாளுக்கு மூன்று நிமிடம் 1200 வாட்டில் ஓடினால் 60 வாட்-மணி. மணி காட்டும் திரையும் உள்ளே இருக்கும் போர்டும் மூன்று வாட் எடுத்தால் நாளுக்கு 72. சமைத்ததைவிட மணி பார்த்ததற்கு அதிகம். சுவர் ஸ்விட்சை அணையுங்கள்.

கேள்வி (கோவை வாசகர்): ராத்திரி வைஃபையை அணைக்கலாமா?

பதில்: தாராளமாக. 8 வாட் ரௌட்டர் என்றால் இரவு எட்டு மணி நேரத்தில் இரண்டு மாதத்துக்கு நான்கு யூனிட் அளவுக்கு மிச்சம். வாசலில் கேமரா அதில் ஓடினாலோ, பெரியவர்கள் பேசும் லேண்ட்லைன் அதே பெட்டியில் வந்தாலோ அணைக்காதீர்கள், நான்கு யூனிட்டுக்காக அவசர ஃபோனை இழக்க வேண்டாம்.

கேள்வி (புதுச்சேரி மாணவி): இப்படி வீணாவதைத் தடுக்க சட்டம் எதுவும் உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆலன் மையர் இதற்காகப் பல வருடம் பாடுபட்டவர். அணைத்து வைத்த கருவி ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற யோசனையை 1999-இல் சர்வதேச எரிசக்தி முகமை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் அதைக் கட்டாயமாக்கி, 2013-இல் அரை வாட்டாகக் குறைத்தது, திரையில் தகவல் காட்டும் கருவிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் அனுமதி. உலகச் சந்தைக்குச் செய்யும் டிவிகள் இன்று ஸ்டாண்ட்பையில், அதாவது ரிமோட்டில் அணைத்த நிலையில், அரை வாட்டில் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆனால் ஸ்மார்ட் டிவி செட்டிங்கில் 'க்விக் ஸ்டார்ட்' என்று, டிவி சட்டென்று ஆன் ஆவதற்காக, ஒன்று இருக்கும், அது ஆனில் இருந்தால் இந்த அரை வாட் கணக்கு அடிபட்டுப்போகும், போய் ஆஃப் செய்துவிடுங்கள்.

இன்னொன்று, அமெரிக்க வீடுகளின் ப்ளக் பாயின்டில் ஸ்விட்சே கிடையாது, பிடுங்கினால்தான் உண்டு. நம் வீட்டில் ஒவ்வொரு பாயின்டுக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, ஆனால் டிவி ஷோகேஸ் செய்யும்போது தச்சு ஆசாரி அதை மறைத்துப் பலகை அடித்துவிடுகிறார்! புது வீடு கட்டுகிறவர்கள் டிவி பாயின்டின் ஸ்விட்சைக் கை எட்டும் இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி ஒயரிங் போடும்போதே கேளுங்கள். கட்டி முடித்தவர்கள் ஸ்விட்ச் வைத்த ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஷோகேஸ் ஓரத்தில் திருகி மாட்டிக்கொள்ளலாம்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): அடிக்கடி சுவர் ஸ்விட்சில் அணைத்தால் பொருள் கெட்டுவிடாதா?

பதில்: முதலில் ரிமோட்டில் அணைத்து, அப்புறம் சுவரில் அணைத்தால் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் ஆகாது, இடி மின்னல் நேரத்தில் ப்ளக்கையே பிடுங்கிவிட்டால் இன்னும் நல்லது. கவனிக்க வேண்டியவை இரண்டு. ஓஎல்இடி டிவி அணைந்த பிறகு திரையைத் தானே சரிசெய்துகொள்ள சில நிமிடம் எடுக்கும், உடனே சுவரில் அணைக்காதீர்கள், கால் மணி விடுங்கள். இன்க்ஜெட் பிரின்டரை அதன் சொந்த பட்டனில் அணைத்தால்தான் இங்க் தெளிக்கும் ஹெட் ஓரமாகப் போய் மூடிக்கொள்ளும். நேராகச் சுவரில் அணைத்தால் மூடாமல் காய்ந்து அடைத்துக்கொள்ளும், அப்புறம் சுத்தம் செய்யவே பாதி இங்க் போய்விடும்.