மெனு அட்டையும் 555 புத்தகமும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாத்தா நடத்திய சாப்பாட்டுக் கடையை மறுபடி திறக்கிறோம். பழைய ஹோட்டல் மெனு அட்டைகளை இணையத்தில் தேடித் தேடிப் பார்க்கிறேன். அந்த எழுத்தும் பூவேலைப்பாடும் மனத்தை விட்டுப் போகமாட்டேன் என்கின்றன. அதேபோல, பழுப்பேறிய தாளில் ஒன்று அச்சிட ஆசை. எந்த எழுத்துரு பொருந்தும்? அந்த அட்டைகள் ஏன் இப்படி இழுக்கின்றன?

வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள மகளுக்கு,

கடை திறக்கிறீர்கள் என்பதே வயிற்றில் பால் வார்க்கிறது. எழுத்துருவை அச்சகத்துக்காரரிடம் கேள். பழுப்புத் தாள் மட்டும் வேண்டாம் தாயே. நேற்று அச்சடித்ததற்குக் கறை பூசி வயசு ஏற்றுவது வேஷம்.

அட்டைகள் இழுப்பதில் தப்பில்லை. நியூயார்க்கில் ஃபிராங்க் பட்டால்ஃப் என்ற அம்மையார் 1900 வாக்கில் தொடங்கி, சுமார் 25,000 மெனுக்களைப் பொது நூலகத்துக்குச் சேர்த்துக் கொடுத்தார். சாப்பாட்டில் அவருக்கு அக்கறையே இல்லை, வரலாறுதான் வேண்டுமாம். நானும் அவர் கட்சி. பூவேலையை விடு, வலது ஓரத்து விலையைப் பார். பக்கத்தில் அன்றைய கூலியை வை. 1920களின் கடைசியில் இங்கே மலாயாவில், முக்கிய ரப்பர் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாள்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அக்கால மெனு ஒன்றில் டின்னர் ஒரு வெள்ளி, அதாவது நூறு காசு, என்றிருந்தால், ஒரு ஆள் இரண்டு நாள் ரப்பர் மரம் சீவிப் பாலெடுத்த காசு என்று படி. பெண்ணுக்கு இரண்டரை நாள்.

எங்கள் தாத்தா, தமிழ்நாட்டிலிருந்து இங்கே ஆள் ஏற்றிவந்த ரஜூலா கப்பலில், திறந்த மேல்தளமான டெக்கில் படுத்து வந்தவர். கப்பல் கம்பெனிகள் படம்போட்ட அட்டைகளை மொத்தமாக அச்சடித்து வைத்துக்கொண்டு, அன்றன்றைய பதார்த்தங்களை மட்டும் அதில் ஏற்றின. அதெல்லாம் உயர்வகுப்பு சலூன் பயணிகளுக்கு. டெக்கில் தட்டை நீட்டினால் விழுவதுதான் மெனு.

தோட்டத்து டவுன் கடையில் மட்டும் அட்டை ஏது? மேசையைத் துடைத்துக்கொண்டே கடை அண்ணன் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். எழுத்தில் இருந்தது கல்லாவில் கிடந்த 555 புத்தகம்தான், கடன் கணக்கு எழுதும் 555 மார்க் குறிப்பேடு, உள்ளங்கை அகலம். அதில் அப்பாவுக்குப் பெயர்கூடக் கிடையாது, "மூணாம் லயம் கண்ணாடி" (தோட்டத்து வரிசை வீடுகளில் மூன்றாவது வரிசை, கண்ணாடி போட்டவர்) என்றுதான் இருக்கும். தே (தேநீர்) 2, வடை 1, மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) பொட்டலம் 1. சம்பள நாளில் கடனைக் கட்டினால் மூலைக்கு மூலை ஒரு கோடு. பாதி கட்டிய மாதம் கோடும் பாதியில் நிற்கும். பொட்டலம் எங்களுக்கு. அவர் தனக்கென்று தேயையும் வடையையும் தாண்டியதே இல்லை. பொட்டலமே இல்லாத பக்கங்களும் உண்டு.

இதை வீட்டில் வைத்துக்கொண்டு எந்தத் துரையோ சாப்பிட்ட விருந்தின் அட்டையை நகலெடுக்கக் கிளம்பினால் கோபம் வராதா? பரணில் உன் தாத்தாவின் 555 கட்டு கிடக்கும். கரையான் அரிப்பதற்குள் எடு. ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டு, ஆனால் பட்டப்பெயரை மறைத்துவிடு. கடன்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள், நாளைக்கு உன் கடைக்குத்தான் சாப்பிட வருவார்கள்.

மெனுவில் விலையைக் கொட்டை எழுத்தில் போடு. தோசை என்ன விலை என்று பார்த்துவிட்டுத்தான் நான் உட்காருவேன்.