ஸ்பார்க் பிளக் மரை போனால் என்ன செய்வது? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஸ்பிளெண்டர் பைக்கில் பிளக் மாட்டும்போது இரண்டு சுற்றிலேயே இறுகியது. ஸ்பேனர் போட்டுத் திருகியதில் கோணலாக நிற்கிறது. இன்ஜின் மேல்மூடியான ஹெட்டையே மாற்றணுமா?

பதில்: வேண்டாம் தம்பி, மேற்கொண்டு திருகாதீங்க, அதுதான் முக்கியம். பிளக் இரும்பு, ஹெட் அலுமினியம், அடி வாங்குவது ஹெட்தான். பிளக்கை மெதுவாக எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே ஒன்றிரண்டு மரை நசுங்கி, உள்ளே ஒழுங்காக இருந்தால் 10 மி.மீ., 1.0 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி, மி.மீ.) டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்தாலே போதும். டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பிக்கொண்டு அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று இறக்குங்கள், தூள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: எம்-சீல் வைத்து இறுக்கினால் நிற்கும் என்கிறாரே மெக்கானிக்?

பதில்: நிற்காது. பிளக்கின் சூடு மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது, அந்த வழியையே அடைத்துவிடுவீர்கள். ஓடும்போது பிளக் தெறித்தால் மேலே இருப்பது பெட்ரோல் டேங்க். மரையில் டெஃப்லான் நாடா சுற்றுவதும் கூடாது.

கேள்வி: ஆர்எக்ஸ் 100. மரை மொத்தமும் போய் பிளக் சும்மாவே சுற்றுகிறது சார்.

பதில்: அப்போ ஹெலிகாயில்தான், அதாவது ஓட்டையைப் பெரிதாக்கி மரை வெட்டி உள்ளே திருகி இறக்கும் கம்பிச் சுருள், அதுவே புது மரை. உங்களுக்கு 14 மி.மீ., 1.25 பிட்ச் கிட். டூ-ஸ்ட்ரோக் ஹெட்டில் வால்வு கிடையாது, கழற்றி மேசையில் வைத்தே செய்யுங்கள். டேப் நேராக இறங்கணும், சாய்ந்தால் வாஷர் ஒரு பக்கம்தான் உட்காரும், கம்ப்ரெஷன் கசியும். நேராகப் பிடிக்க முடியுமா என்று சந்தேகம் இருந்தால் லேத் பட்டறையில் கொடுப்பதே நல்லது, அங்கே புஷ் (உள்ளே மரை போட்ட உலோக வளையம்) அடித்துத் தருவார்கள், காயிலைவிட அது உறுதி. காயில் போட்டால் மேல்நுனி வாஷர் உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கணும். அடியில் பெட்ரோல் எரியும் அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த முனை பழுக்கக் காய்ந்து, ஸ்பார்க் வருமுன்பே பெட்ரோலைக் கொளுத்தும். கடைசியில் காயிலின் அடியிலுள்ள வாலை (அதைத் திருகி இறக்க உதவும் சிறு கம்பி முனை) மூக்கு பிளையரால் ஒடித்து வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் வண்டி ஃபோர்-ஸ்ட்ரோக். ஹெட்டைக் கழற்றாமல் காயில் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு சீவல் வால்வு சீட்டில் சிக்கினாலும் தலைவலி. செய்தே ஆகணும் என்றால் இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் டேப்பில் இடிக்காத அளவு இறங்கியிருக்கும்படி வையுங்கள், கிரீஸை அடிக்கடி துடைத்துப் புதிதாக அப்புங்கள். முடிந்ததும் வாக்யூம் கிளீனரில் மெல்லிய குழாய் சொருகி உறிஞ்சி எடுத்த பிறகுதான் கிக்கரில் கால் வைக்கணும்.

கேள்வி: பிளக்கை எவ்வளவு இறுக்கணும்?

பதில்: அலுமினிய ஹெட்டில் 10 மி.மீ. பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 14 மி.மீ.க்கு 25 முதல் 30. டார்க் ரெஞ்ச் இல்லையா, வாஷர் உட்காரும் வரை கையாலேயே திருகிவிட்டு, புது பிளக் என்றால் ஸ்பேனரில் அரைச் சுற்று. பழைய பிளக்கின் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், அதற்கு லேசாக ஒரு பிடி போதும். பிளக் தலையில் ரப்பர் குழாய் மாட்டித் திருகி ஆரம்பித்தால் மரை மாறும்போது குழாயே வழுக்கிவிடும். இன்ஜின் நன்றாக ஆறின பிறகு பிளக்கில் கை வையுங்கள்.