பெயர் எழுதிய பணம், பெயர் எழுதாத பணம்

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. மாதச் செலவு 72,000 ரூபாய். வங்கியில் 6,40,000 இருக்கிறது. ஃபேஸ்புக்கில் 8,200 பேர் பின்தொடர்கிறார்கள். நாங்கள் நல்ல நிலையில்தான் இருக்கிறோமா? எதை வைத்துத் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளை இரண்டு முறை படித்தேன், சகோதரி. அந்த 6,40,000-இல் 4,00,000 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு வகுப்பறைக் கூரைக்காக ஒருவர் கொடுத்தது. 60,000 நோட்டுப் புத்தகத்துக்கு என்று வந்தது. இரண்டையும் கழித்துவிடுங்கள். உங்கள் கையில் உண்மையில் இருப்பது 1,80,000. அதை 72,000-ஆல் வகுத்தால் இரண்டரை மாதம். நாளை முதல் ஒரு பைசா வராவிட்டாலும் இரண்டரை மாதம் வகுப்பு நடக்கும். உங்கள் நிலையைச் சொல்கிற எண் அதுதான், பாஸ்புக்கின் கடைசி வரி இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. அப்போது நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஓர் அமைப்புக்கு உதவி குவிந்தது. ரசீதுப் புத்தகத்தில் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் அதை நிரப்பாமலேயே ரசீது கிழித்துக் கொடுத்தோம். எல்லாம் ஒரே கணக்கில் விழுந்தது; அதிலிருந்தே நான்கு மாதச் சம்பளமும் போட்டோம். வீடுகளுக்குத் தகர ஷீட் வாங்கப் பணம் கொடுத்த பெரியவர் ஆறு மாதம் கழித்து நேரில் வந்தார். “எந்த வீட்டுக்குப் போட்டீங்கம்மா, காட்டுங்க” என்றார். காட்ட எங்களிடம் ஒன்றுமில்லை. யாரும் திருடவில்லை. ஆனாலும் அவர் அதற்குப் பிறகு வரவே இல்லை. அன்றிலிருந்து அந்தக் கட்டம் காலியாக இருக்கும் ரசீதில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

சரி, இரண்டரை மாதம் போதுமா? உங்கள் ஊருக்குப் போதாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். பெற்றோர் கொடுக்கும் சிறு தொகையும் அப்போது நிற்கும். முடிகிற கையோடு பள்ளி திறப்புச் செலவு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பை இலக்காக வையுங்கள். இன்னொன்றும் கண்ணில் பட்டது: மாதம் 40,000 ஒரே ஒருவர் தருகிறார். செலவில் பாதிக்கும் மேல்! அவர் நல்லவர்தான், நீண்ட நாள் தரட்டும். ஆனால் மாதம் 500 தருகிற முப்பது பேரை இந்த வருடமே தேடத் தொடங்குங்கள். அந்த 15,000 உங்களைக் காப்பாற்றும்.

அப்புறம் ஃபேஸ்புக். 8,200 என்பது எப்போதோ ஒருமுறை பொத்தானை அழுத்தியவர்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான். ஒவ்வொரு பதிவும் எத்தனை பேர் கண்ணில் பட்டது என்று பாருங்கள். அதில் எத்தனை பேர் லைக், கமெண்ட், ஷேர் என்று ஏதாவது செய்தார்கள் என்று சதவீதம் போடுங்கள். உங்கள் பொங்கல் படம் 5,000 பேருக்குப் போயிருக்கிறது. 410 லைக், 22 கமெண்ட், 8 ஷேர். 8.8 சதவீதம். ‘கணக்கு டீச்சர் தேவை’ என்ற பதிவு 900 பேருக்குத்தான் போயிருக்கிறது. 31 லைக், 14 கமெண்ட், 27 ஷேர். 8 சதவீதம். சதவீதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் இரண்டாவது பதிவை 27 பேர் தன் ஆட்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்து இரண்டு ஆசிரியர்கள் வந்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த 27 தான் பெரிய எண். அதனால் ஷேரைத் தனியாக எண்ணுங்கள். புதிதாகப் பணம் தருபவரிடம் “எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?” என்று கேட்டு ரசீதின் அடிக்கட்டையில் குறியுங்கள். மூன்று மாதத்தில் உங்களுக்கே புரிந்துவிடும்.

கேள்வி: ஆறு மாதச் செலவைக் கையில் வையுங்கள் என்று போன மாதமும் எழுதினீர்கள். வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழித்தே ஆக வேண்டும் என்கிறார் எங்கள் ஆடிட்டர். எது சரி?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இரண்டும் சரி. வருமான வரித் துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளை ஒவ்வோர் ஆண்டும் 15 சதவீதம் வரை நிபந்தனையின்றி மிச்சம் பிடிக்கலாம். ஆண்டு வருமானம் 10 லட்சம் என்றால் 1,50,000. மூன்று ஆண்டில் 4,50,000. ஆறு மாதச் செலவு வந்துவிட்டது. கட்டடம் போன்ற பெரிய வேலைக்கு அதற்கு மேலும் சேர்க்க வேண்டுமானால், இன்ன வேலைக்கு என்று அறங்காவலர்கள் தீர்மானம் போட்டு, உரிய படிவத்தைக் காலத்தில் தாக்கல் செய்தால் ஐந்து ஆண்டு வரை வைத்திருக்கலாம். தேதியை ஆடிட்டரிடம் இப்போதே கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். சேர்க்கும் பணம் வங்கி வைப்புத்தொகையாகவே இருக்கட்டும். அறங்காவலர் யாருக்கும் கைமாற்றாகக் கொடுக்காதீர்கள், ஒரு வாரத்துக்குக்கூட.