கதவு இல்லாத வீடு: புதிய கற்கால மாதிரி செய்வது எப்படி?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிக் கண்காட்சிக்குப் புதிய கற்கால வீடு ஒன்றின் மாதிரி செய்ய வேண்டும். வட்டமான கூரைக் குடிசை, முன்னால் கதவு, வாசலில் கோழி, பக்கத்தில் தோல் உடுத்திய மனிதர் என்று அட்டையில் பாதி செய்துவிட்டோம். இது சரிதானா என்று சந்தேகமாக இருக்கிறது. என்ன மாற்ற வேண்டும்? (வாசகி, திருச்சி)

பதில்: பாதியில் நிறுத்திக் கேட்டது நல்லதாகப் போயிற்று. முதலில் கோழியை எடுத்துவிடுங்கள். கோழி வளர்ப்பு மிகவும் பிந்தைய சங்கதி. ஆனால் வட்டக் குடிசையைத் தூக்கி எறிய வேண்டாம். கி.மு. 9000 வாக்கில் பாலஸ்தீனத்தில் உள்ள எரிகோவில் மக்கள் பச்சைச் செங்கல்லால் வட்ட வீடுதான் கட்டினார்கள். கூரையில் மண் பூசி, 'எரிகோ' என்று எழுதி ஓரமாக வைத்துவிடலாம்.

நடுவில் வைக்க ஒரு வீடு வேண்டும் என்றால் நான் சாத்தல் ஹோயுக் வீட்டைத்தான் சொல்வேன். துருக்கியில் கோனியா சமவெளியில் இருக்கும் மண்மேடு அது. ஏறக்குறைய கி.மு. 7100-இல் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மக்கள் அங்கே தொடர்ந்து வாழ்ந்தார்கள். தொல்லியலாளர் ஜேம்ஸ் மெல்லார்ட் 1961 முதல் 1965 வரை அங்கே அகழ்ந்தார். 1993 முதல் 25 ஆண்டுகள் இன்னொரு தொல்லியலாளர் இயன் ஹோடர் தலைமையில் வேலை நடந்தது. ஒரு வீட்டுக்குள் எந்த மூலையில் என்ன செய்தார்கள் என்பது வரை தெரிந்திருப்பதால், மாதிரி செய்ய இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது.

இந்த வீட்டுக்கு வெளிவாசல் கிடையாது. வீடுகள் ஒன்றோடு ஒன்று முதுகு ஒட்டி நிற்கும், நடுவில் தெரு இல்லை. மொட்டைமாடி போன்ற தட்டைக் கூரைதான் தெரு. கூரையில் நடந்து போய், தன் வீட்டுத் துவாரத்தில் ஏணி வைத்து உள்ளே இறங்குவார்கள். அதனால் ஒரு வீட்டை மட்டும் செய்யாமல், மூன்று நான்கு அட்டைப் பெட்டிகளைக் கொஞ்சம் உயரம் கூட்டிக் குறைத்து ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தச் சுவர் உண்டு, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் வைக்கவில்லை. பெட்டிகளை ஒட்டினாலே அந்த இரட்டைச் சுவர் தானாக வந்துவிடும். ஒரு பெட்டிக்கு மட்டும் கூரையைத் திறந்து மூடுகிற மாதிரி வையுங்கள். பார்க்க வேண்டியதெல்லாம் அதன் உள்ளேதான் இருக்கிறது.

முதன்மை அறை சுமார் 20 முதல் 25 சதுர மீட்டர் இருக்கும். 25 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலத்தில் பெட்டி எடுத்தால் 20-இல் ஒரு பங்கு அளவு கிடைக்கும். ஓரத்தில் தானியம் வைக்க ஒரு சிறிய அறையையும் தடுத்துவிடுங்கள், அதில் களிமண் குதிர்கள் வரட்டும். கூரைக்கு மரக் கட்டை, நாணல், மேலே மண். உங்களுக்கு ஈர்க்குச்சியும் களிமண்ணும் போதும்.

இனி தரை. மகளை இங்கே நேரம் எடுத்துச் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் ஏணியும் அடுப்பும் தெற்குப் பக்கம் இருந்தன. ஏணி சாய்ந்து உரசிய தழும்பு சுவர்ப் பூச்சில் இன்றும் தெரிகிறது. ஏணிக்குக் கீழேயே அடுப்பு, புகை போகவும் ஆள் வரவும் ஒரே துவாரம். அங்கே சாம்பலும் கரியும் மிதிபட்டுத் தரை கறுத்திருக்கும், அதனால் அந்தப் பக்கம் கரித்தூள் தூவுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் ஒரு படி உயர்ந்த திண்ணைகள். அவை பளிச்சென்ற வெள்ளை, மேலே கோரைப்பாய். சமையல் இடத்தின் அழுக்கு அங்கே ஏறவிடாமல் தரையில் சிறு வரம்புகூடக் கட்டியிருந்தார்கள். ஒரே அறை, ஆனால் எது எங்கே என்பதில் அத்தனை கறார்!

அந்த வெள்ளைப் பூச்சைப் பற்றி எனக்குச் சொல்லி மாளாது. பக்கத்தில் தோண்டிய வெள்ளைக் களிமண்ணைக் குழைத்து, காகிதம்போல மெல்லியதாகத் திரும்பத் திரும்பப் பூசியிருக்கிறார்கள். சுவரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெள்ளை, அதன் மேல் நூல்போல ஒரு புகைக் கோடு, மறுபடி வெள்ளை என்று போய்க்கொண்டே இருக்கும். சில சுவர்களில் 450 பூச்சு வரை எண்ணியிருக்கிறார்கள். ஒரு வீட்டின் ஆயுளே 70 முதல் 100 ஆண்டுதான். அப்படியானால் ஆண்டுக்குப் பலமுறை யாரோ உட்கார்ந்து பூசியிருக்கிறார்கள். அவ்வளவு பூசியும் புகை விடவில்லை, முதியவர்கள் சிலரின் விலா எலும்பின் உட்புறத்தில் கரி படிந்திருக்கிறது. மாதிரியில் சுவரின் ஒரு முனையைக் கத்தியால் சீவி, சாக்பீஸ் மாவும் கரியும் மாறி மாறித் தெரியும்படி விடுங்கள். நின்று பார்ப்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

திண்ணைக்குக் கீழே இறந்தவர்களைக் கால் மடக்கிப் புதைத்தார்கள். ஒரே வீட்டில் 60-க்கும் மேற்பட்டோர் கிடைத்ததும் உண்டு. பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டாம், பயமுறுத்தாமல் சொன்னால் போதும். தாங்கள் படுக்கும் இடத்துக்கு அடியிலேயே தங்கள் ஆட்களை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வீடு பழசானதும் கூரையைப் பிரித்து, தூண்களை உருவி, சுவரைப் பாதிக்கு இடித்து, மண் நிரப்பி, அதே இடத்தில் பெரும்பாலும் அதே அமைப்பில் மறுபடி கட்டினார்கள். இப்படி ஏறி ஏறித்தான் மேடு சுமார் 20 மீட்டர் உயர்ந்தது.

மற்றவை விரைவாக. கோதுமை, பார்லி, பட்டாணி, பயறு விளைவித்தார்கள். செம்மறியும் வெள்ளாடும் வளர்த்தார்கள், ஆடுகளை ஊர் ஓரத்தில் அடைத்தார்கள், சாணத்தை எரித்தார்கள். நாய் வைக்கலாம், சக்கர வண்டி கூடாது. காட்டு மாட்டின் கொம்பை மண்ணில் பதித்துச் சுவரிலும் திண்ணையிலும் வைத்தார்கள், ஒன்று செய்தால் அழகாக இருக்கும். தொடக்க காலத்தில் சமையலுக்கு மண்பானை அரிது. களிமண் உருண்டைகளைச் சுடவைத்து, அந்தச் சூட்டில் சமைத்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அடுப்போரம் மிளகு அளவில் பத்து உருண்டை போடுங்கள். கத்திக்கு ஆப்சிடியன் என்னும் கறுப்பு எரிமலைக் கண்ணாடி, அது துருக்கியின் கப்படோசியா பகுதியிலிருந்து வந்தது. அதைச் சிறு குவியலாக அடுப்பருகே தரைக்கு அடியில் புதைத்து வைப்பதும் வழக்கம்.

அப்புறம் அந்தத் தோல் உடுத்திய மனிதர். தோல் இருந்திருக்கும், ஆனால் நெய்த துணியும் அங்கே கிடைத்திருக்கிறது, மரப்பட்டை நாரால் ஆனது. சணல் துணித் துண்டு ஒன்றைச் சுற்றி, ஈட்டிக்குப் பதிலாகக் கையில் ஒரு கூடை கொடுத்து, ஏணியில் பாதி இறங்கியபடி நிறுத்துங்கள்.